முதலை எந்த வரியில்?

கோயமுத்தூரிலிருந்து சேலம் போகும் வழியில் சுமார் நாற்பது கிலோ மீட்டர் சென்றால் அவிநாசி வருகிறது. ஊரின் கோயிலும் தேரும் கொங்கு நாடெங்கும் பெயர் பெற்றவை. அந்தப் பெயருக்குக் காரணமான கதையோ தமிழ்நாடு முழுவதும் அறிந்தது.

சுந்தரமூர்த்தி நாயனார் இவ்வூர் வீதி வழியே வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கள ஒலி. எதிர் வீட்டில் அழுகை ஒலி. விசாரிக்கிறார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றாகக் குளத்தில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. உயிரோடிருந்தால் இன்று அவனுக்கும் இந்தச் சடங்கு நடந்திருக்கும் என்று தெரிய வருகிறது. நாயனார் குளக்கரையில் நின்று பாடுகிறார். முதலை வந்து, விழுங்கிய பிள்ளையை வளர்ந்த பிள்ளையாகக் கரையில் உமிழ்ந்துவிட்டுப் போகிறது.

அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் 92-வது. பத்துப் பாடல்கள், பாட்டுக்கு நான்கு வரிகள், ஆக நாற்பது வரிகள். முதலை வருவது நான்காம் பாட்டின் கடைசி வரியில், அதாவது பதினாறாவது வரியில். தேவாரம் ஓதுகிறவரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார். புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு இரண்டு நிமிஷம் ஆகும். கம்ப்யூட்டருக்கு அந்த இரண்டு நிமிஷம் வேண்டியதில்லை. ஆனால் அது சொல்லும் பதிலை நம்பலாமா என்பது வேறு விஷயம்.

சொல்லுக்குக் கணக்கு வைத்தவர்கள்

ஒரு நூலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வரியில் வருகிறது என்று அகர வரிசையில் எழுதி வைப்பதற்குச் சொல்லடைவு என்று பெயர். இது கம்ப்யூட்டர் காலத்து வேலையன்று. பைபிளுக்கு அலெக்ஸாண்டர் குரூடன் என்ற ஸ்காட்லாந்துக்காரரான புத்தக வியாபாரி செய்த சொல்லடைவு 1737-ல் வெளிவந்தது. தமிழில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் தாம் பதிப்பித்த நூல்களின் பின்னே அரும்பத அகராதியைச் சேர்த்தார். புறநானூற்றுக்கு வ. அய். சுப்பிரமணியம் செய்த சொல்லடைவை 1962-ல் கேரளப் பல்கலைக் கழகம் வெளியிட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்தின் சொற்களை மூன்று தொகுதிகளாக 1967-க்கும் 1970-க்கும் இடையே அச்சிட்டது.

இயந்திரத்தை இவ்வேலைக்கு முதன்முதலில் இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் ரொபெர்த்தோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார். புனித தாமஸ் அக்வினாஸின் லத்தீன் நூல்களுக்குச் சொல்லடைவு செய்ய வேண்டுமென்று 1949-ல் நியூயார்க்குக்குப் போய் ஐ. பி. எம். கம்பெனியின் தலைவரையே பார்த்தார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அந்த வேலை, ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களோடு, ஐம்பத்தாறு தொகுதிகளாக அச்சேறி முடிய 1980 ஆயிற்று. தமிழுக்கு ஜெர்மானிய அறிஞர்கள் தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் கம்ப்யூட்டர் துணையோடு செய்த சங்க இலக்கியச் சொல்லடைவு 1990-களின் தொடக்கத்தில் சென்னையில் வெளிவந்தது. பிற்பாடு மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய முனைவர் ப. பாண்டியராஜா சங்க நூல்களுக்கும் மற்றப் பல நூல்களுக்கும் தொடரடைவு செய்து எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்தார்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்கலாம். ஒரு நூலின் காலத்தைச் சொல்வழக்கைக் கொண்டு கணிக்கும் முறை வையாபுரிப் பிள்ளை நாளிலிருந்து இருந்துவருகிறது. "இந்தச் சொல் இன்ன நூலில் கிடையாது" என்று ஒருவர் அடைவைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதன்மேல் ஒரு வாதம் எழும்பும். அதன்மேல் இன்னொன்று எழும்பும். அடைவில் ஒரு சொல் தவறி விழுந்திருந்தாலோ, அது நூலிலேயே இல்லையென்று ஆகிவிடுகிறது. அதனால்தான் சொல்லடைவு செய்கிறவன் கையில் பிழை இருக்கக் கூடாது.

நாள்வழியும் பேரேடும்

பெரிய அறிஞர்கள் ஆயுளைச் செலவிட்ட இதே வேலை, இன்று ஜாவா படிக்கும் மாணவனுக்கு ஆரம்பப் பயிற்சிகளில் ஒன்றாக இருக்கிறது. ஜாவா என்பது கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதும் மொழிகளில் ஒன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் சகாக்களும் உருவாக்கி 1995-ல் வெளியிட்டார்கள். இந்தச் சொல்லடைவு புரோகிராம் முப்பது வரிக்குள் அடங்கிவிடும்.

அவிநாசி நூல் மண்டிக் கணக்கப்பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். நாள்வழியில் வந்த வரிசையில் எழுதியதை, ஆள் ஆளாகப் பேரேட்டில் பதிவது அவர் தினமும் செய்யும் காரியம். இங்கே நாள்வழி என்பது பதிகம். பேரேட்டில் ஆளுக்குப் பதிலாகச் சொல். தொகைக்குப் பதிலாக வரி எண். புரோகிராம் ஒரு வரியைப் படிக்கிறது. எண்ணை ஒன்று கூட்டுகிறது. வரியைச் சொல் சொல்லாக நறுக்குகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பேரேட்டில் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் புதுப் பக்கம் திறந்து, எண்ணைப் பதிகிறது. பேரேட்டுக்கு ஜாவாவில் ட்ரீமேப் என்று பெயர். வரிகள் தீர்ந்ததும் பேரேட்டை அச்சிடுகிறது.

ஒரு மாணவர் அவிநாசிப் பதிகத்தைப் பதம் பிரித்த பதிப்பிலிருந்து நாற்பது வரிகளாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இந்தப் புரோகிராமை எழுதி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஆரம்ப மாணவர்கள் எழுதுவது போலவே எழுதுகிறார். ஓட்டமும் சுகமாக முடிகிறது. ம வரிசையில் "முதலையைப்" என்ற சொல் இருக்கிறது. எதிரே எண் எட்டு!

பதினாறு எப்படி எட்டாயிற்று? "இன்னும் வரி இருக்கிறதா?" என்று கேட்கும் இடத்தில் ரீட்லைன் என்ற உத்தரவைக் கொடுத்திருக்கிறார், உள்ளே வந்து "வரியைக் கொடு" என்று மறுபடி அதே உத்தரவைக் கொடுத்திருக்கிறார். அந்த உத்தரவோ ஒவ்வொரு தடவை அழைக்கும்போதும் ஒரு வரியை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். கேள்விக்காக எடுத்த முதல் வரி வீணாயிற்று. இரண்டாம் வரி பேரேட்டுக்குப் போயிற்று. மூன்று வீண், நான்கு பதிவு. பலகாரம் ருசியாக இருக்கிறதா என்று ஒன்றைத் தின்று பார்த்து, ஒன்றைப் பந்தியில் வைத்தாற்போல் கதை முடிந்தது. நாற்பதில் இருபது வரிகளே தேறின. பதினாறாவது வரி எட்டாவதாக நின்றது. "கொங்கே" என்ற சொல் பத்தாவது வரியில் இருப்பது. அதற்கு ஐந்து என்று விழுந்தது. (கொங்கு நாட்டில் புகுந்தாலும் வழிப்பறிப்பார் இல்லை என்று பாடும் இடம் அது. பக்கத்துத் திருமுருகன்பூண்டியில் நாயனார் பொருளைப் பறிகொடுத்த கதையை நினைத்தால் சுவையான இடம்தான்!)

இதைவிட விபரீதம் ஒன்றுண்டு. "அவிநாசியே" என்று இறைவனை விளிக்கும் சொல் பாட்டின் மூன்றாவது வரிகளில் வருகிறது: 3, 11, 15 என்று. எல்லாம் ஒற்றைப்படை. ஆகவே அவிநாசிப் பதிகத்தின் அடைவிலிருந்து அவிநாசியே மறைந்துவிட்டது!

கம்ப்யூட்டர் ஒரு முணுமுணுப்புக் கூடச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதிகம் நாற்பத்தொரு வரியாக இருந்திருந்தால், கடைசி வரியைக் கேள்விக்கு எடுத்துக்கொண்டு, உள்ளே போனால் வரி இருந்திராது. நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் என்று அலறிக்கொண்டு புரோகிராம் நின்றிருக்கும். மாணவர் பயந்திருப்பார், பிழையும் அகப்பட்டிருக்கும். நாற்பது இரட்டைப்படை எண்ணாக இருந்ததே வினையாயிற்று. ஆரம்ப மாணவர்கள் அஞ்சுவது அலறும் பிழைகளுக்கு. அஞ்ச வேண்டியதோ அலறாத பிழைகளுக்கு.

ஒரே பக்கத்தில் ஊர்க் கணக்கு

முதல் பிழை தீர்ந்து நாற்பது வரியும் வந்துவிட்டதாகக் கொள்ளலாம். முதலையைப் பதினாறு. சந்தோஷம். ஆனால் பல பாட்டுகளில் வரும் அவிநாசியேக்கு ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. அதுவும் கடைசியில் வந்த எண். சொல் வரும் போதெல்லாம் புது எண் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து புட் என்ற உத்தரவால் பேரேட்டில் வைத்தால், பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுப் பக்கம் ஒட்டுகிறதாக அர்த்தம். நேற்றைய வரவெல்லாம் குப்பைக்குப் போய் இன்றைய வரவு மட்டும் நிற்கும்.

"அப்படியானால் பட்டியலைத் தினமும் புதிதாகச் செய்ய வேண்டாம், ஒரு தடவை செய்து வைத்துக்கொள்வோம்" என்று மாணவர் அதைச் சுழலுக்கு வெளியே தூக்கிப் போடுகிறார். இப்போது பேரேட்டில் எந்தச் சொல்லைத் திறந்தாலும் ஒன்றிலிருந்து நாற்பது வரை எல்லா எண்களும், அதுவும் பல தடவை, வரிசையாக நிற்கின்றன. பெயர்கள் வேறு வேறு. பக்கம் மட்டும் ஒன்று! ஊரிலுள்ள அத்தனை பேர் கணக்கையும் ஒரே தாளில் எழுதிவிட்டு, அந்தத் தாளையே எல்லோருக்கும் நீட்டின கதை. சரியான வழி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. சொல் முதல் தடவை வரும்போது மட்டும் புதுப் பட்டியல். அப்புறம் அதே பட்டியலில் சேர்ப்பு. ஒரே வரியில் ஒரு சொல் இருமுறை வந்தால் எண் இரட்டிக்கும். பட்டியலுக்குப் பதில் ட்ரீசெட் என்ற, இரட்டிப்பை ஏற்காத கூடையை வைத்தால் அதுவும் தீர்ந்தது.

இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. நாற்பது வரியையும் ஓட்டுமுன் மூன்றே வரியை ஒரு தாளில் எழுதி, அடைவு எப்படி வரவேண்டுமென்று கையாலேயே போட்டுப் பார்த்துக்கொண்டு, அப்புறம் கம்ப்யூட்டரை ஓட்டி இரண்டையும் ஒப்பிட வேண்டும். மூன்று என்பது ஒற்றைப்படை என்பதால் முதலில் சொன்ன பிழை உடனே அலறியிருக்கும். விடை தெரியாத கேள்வியைக் கேட்டு ஒரு புரோகிராமைச் சோதிப்பது வீண்.

தமிழ் என்றதும் வெறும் தாள்

இதுவரை சொன்னவை எந்த மொழிப் பாட்டுக்கும் வரும் பிழைகள். இனிமேல் வருபவை தமிழுக்கென்றே காத்திருப்பவை.

காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதால், "அவிநாசியே" ஒன்றும் "அவிநாசியே," ஒன்றுமாக இரண்டு பக்கங்கள் திறந்துவிடுகின்றன. மாணவர் பாடப் புத்தகத்தைப் பார்க்கிறார். "சொல்லெழுத்து அல்லாதவை எல்லாவற்றிலும் நறுக்கு" என்று ஒரு குறியீடு கொடுத்திருக்கிறது. அதைப் போட்டு ஓட்டுகிறார். அடைவு வெறும் தாளாக வருகிறது! ஒரு சொல் கூட இல்லை. காரணம் சிரிப்புக்கும் கோபத்துக்கும் இடமானது. ஜாவா வழக்கமாகச் சொல்லெழுத்து என்று கொள்வது ஆங்கிலத்தின் பெரிய எழுத்து இருபத்தாறு, சின்ன எழுத்து இருபத்தாறு, எண்கள் பத்து, அடிக்கோடு ஒன்று, ஆக அறுபத்து மூன்றைத்தான். அதன் கண்ணுக்குத் தேவாரம் முழுவதும் நிறுத்தக் குறி!

யாரோ சொல்கிறார்கள், "யூனிகோடு எழுத்து அல்லாதவற்றில் நறுக்கு" என்று மாற்றும்படி. இப்போது சொற்கள் வருகின்றன. ஆனால் அவிநாசியைக் காணோம். "அவ" என்று ஒன்றும், "ந" என்று ஒன்றும், "ச" என்று ஒன்றும் இருக்கின்றன. யூனிகோடில் வ என்பது எழுத்து. அதன் மேலுள்ள இகரக் கொக்கி எழுத்தல்ல, "குறி". கால், கொம்பு, புள்ளி எல்லாமே குறிகள்தாம். எழுத்தல்லாததில் நறுக்கு என்றால் கொக்கி வந்த இடத்திலெல்லாம் கத்தி விழும். எழுத்தும் குறியும் அல்லாதவற்றில் நறுக்கு என்று சொன்னால்தான் அவிநாசி முழுசாக வந்து சேருகிறது. ஜாவாவின் ஏழாம் பதிப்பில், 2011-ல், யூனிகோடின்படி நடந்துகொள் என்று கட்டளையிடவும் ஒரு வழி செய்தார்கள். பாடப் புத்தகம் அதைச் சொல்லவில்லை என்றால் மாணவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது கண்ணைக் கட்டி வித்தை. அடைவில் "கொங்கே" இரண்டு தடவை இருக்கலாம். இரண்டும் அச்சில் ஒரே மாதிரி இருக்கும். பழைய அச்சுக்கூடத்தில் "கொ" என்று கோக்க வேண்டுமானால் கம்பாசிட்டர் கொம்பு, க, கால் என்று மூன்று எழுத்துக்களை எடுத்துக் கோத்தார். யூனிகோடிலோ ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தாலும் கொ. கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தாலும் கொ. பார்க்கிற மனிதனுக்கு வித்தியாசம் தெரியாது. எண்ணிப் பார்க்கிற இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய நூல்களில் இந்த இரட்டை வேஷம் உண்டு. புக்கொளியூரும் இந்த ஆபத்துக்குத் தப்பாது. நார்மலைசர் என்ற ஜாவாக் கருவியால் எல்லாவற்றையும் ஒரே உருவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேரேட்டைத் திறக்க வேண்டும்.

கோப்பை எந்த எழுத்து முறையில் படிப்பது என்று சொல்லாமல் விட்டாலும் கேடுதான். 2022-ல் வந்த பதினெட்டாம் பதிப்புக்கு முன்பெல்லாம், கம்ப்யூட்டரின் வழக்கம் எதுவோ அதன்படியே ஜாவா படித்தது. ஒரு வீட்டில் ஓடிய புரோகிராம் அடுத்த வீட்டில் அந்நிய எழுத்துக்களைப் பொரி தூவினாற்போல் தூவும்.

பனைக்குப் பின்னால் பவளம்

அடைவை அகர வரிசையில் அடுக்குவது ட்ரீமேப் தானாகவே செய்யும் வேலை என்று மாணவர் நம்பியிருக்கிறார். பவளம், பழம், பள்ளம், பறவை, பனை: தமிழ் நெடுங்கணக்குப்படி இதுதான் வரிசை. இந்த ஐந்தையும் ட்ரீமேப்பில் போட்டால் பனை, பறவை, பள்ளம், பழம், பவளம் என்று அப்படியே தலைகீழாக வருகிறது. இந்திய மொழிகளுக்கென்று 1988-ல் வகுத்த முறையைப் பின்பற்றி, யூனிகோடு னகரத்தை நகரத்துக்கு அடுத்தும், றகரத்தை ரகரத்துக்கு அடுத்தும், ளகர ழகரங்களை லகரத்துக்கு அடுத்தும் வைத்துவிட்டது. எழுத்துக்களின் எண் வரிசை வேறு, மொழியின் வரிசை வேறு என்பது ட்ரீமேப்புக்குத் தெரியாது. சொல்லித் தந்தால் கேட்கும். ரூல் பேஸ்டு கொலேட்டர் என்ற கருவிக்கு வ, ழ, ள, ற, ன என்ற நம் வரிசையை எழுதிக் கொடுத்துவிடலாம்.

2010 ஜூனில் கோவை அவிநாசி சாலையிலுள்ள கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடியபோதுதான், தமிழக அரசு யூனிகோடையும், அதோடு தமிழின் உயிர்மெய்களுக்கெல்லாம் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 என்ற முறையையும் அங்கீகரித்தது. டேஸ்-16 பரவியிருந்தால் மேலே சொன்ன தொல்லைகளில் சில இராது. பரவியது யூனிகோடுதான். ஆகவே தொல்லையோடு குடித்தனம் செய்யத்தான் வேண்டும்.

முதலா, முதலையா?

எல்லாம் திருத்தியாயிற்று. இப்போது மாணவர் புரோகிராமிடம் "முதலை எங்கே?" என்று கேட்கிறார். "அப்படி ஒரு சொல் இல்லை" என்கிறது!

பொய்யில்லை. பதிகத்தில் இருப்பது "முதலையைப்". ஐ என்ற வேற்றுமை உருபும், அடுத்த சொல்லுக்காக மிகுந்த ஒற்றும் ஒட்டியிருக்கின்றன. "அவிநாசியே" ஒரு பக்கமாகவும், பத்தாம் பாட்டில் வரும் "அவிநாசியை" வேறு பக்கமாகவும் நிற்பதும் இதனால்தான். ஆங்கிலப் பாட்டுக்கு எழுதிய புரோகிராம் இந்த இடத்தில் கைகட்டி நின்றுவிடுகிறது.

ஒற்றை வெட்டு, உருபை வெட்டு என்று விதி எழுதலாம். முதலையைப் என்பதில் ப் போயிற்று; யகர உடம்படுமெய்யோடு ஐ போயிற்று; முதலை கிடைத்தது. ஆனால் விதி அத்தோடு நிற்குமா? முதலை என்பதிலும் கடைசியில் ஐ இருக்கிறதே! அதையும் வெட்டினால் "முதல்" என்று ஆகிறது. முதலை வட்டி தின்றுவிட்டது என்று அவிநாசிக் கடைவீதியில் ஒருவர் சொன்னால் அது முதல் என்னும் பணம். முதலை பிள்ளையைத் தின்றுவிட்டது என்றால் அது தண்ணீரில் வாழும் முதலை. எழுத்தில் இரண்டும் ஒன்றே. எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதைப் பாட்டின் பொருள் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே மாணவர் தனியே ஒரு பட்டியல் எழுத உட்கார வேண்டியதாகிறது. இடப்பக்கம் பதிகத்தில் உள்ளபடி சொல். வலப்பக்கம் அதன் அடிச்சொல். முதலையைப் என்றால் முதலை. அவிநாசியே என்றாலும் அவிநாசியை என்றாலும் அவிநாசி. கொங்கே என்றால் கொங்கு. பேரேட்டில் பதியுமுன் புரோகிராம் இந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் தானாக எதையும் வெட்டாமல், "இது எனக்குத் தெரியாது" என்று தனித் தாளில் எழுதி வைக்கும்படியும் செய்துவிடலாம். நாற்பது வரிக்கு இது ஒரு மாலை நேர வேலை. மூவர் தேவாரம் முழுவதும் எட்டாயிரம் பாடல்களுக்கு மேல். லேமனும் மால்டனும் சங்க இலக்கியத்துக்குச் சொல் சொல்லாகப் பிரித்து எழுதியதும் இந்த மாதிரி வேலைதான். அங்கே கம்ப்யூட்டர் அடுக்கிக் கொடுத்தது, பிரித்தவர்கள் மனிதர்கள்.